கணித நிரலக வழுக்களும் மென்பொருள் சோதனையும்

சைன், கொசைன், மடக்கை, அடுக்கு போன்ற கணிதச் சார்புகளின் மதிப்பைக் கணித்துத் தரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு கணித நிரலகம் எனப்படுகிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் என ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கெனக் கணித நிரலகம் ஒன்றை வைத்திருக்கிறது. சார்பின் பெயர் எல்லா இடங்களிலும் ஒன்றே. ஆனால் அதன் பின்னால் இருக்கும் நிரலும், அந்நிரலை இயக்கும் நுண்செயலியும் தளத்துக்குத் தளம் வேறுபடுகின்றன. ஆகவே ஒரே நிரலும் ஒரே உள்ளீடும் இரண்டு கணினிகளில் இரண்டு விடைகளைத் தரலாம். வேறுபாடு பெரும்பாலும் பதினாறாம் இலக்கத்தில் இருக்கும்; சில வேளைகளில் ஆறாம் இலக்கத்திலேயே தொடங்கிவிடும்.

இந்த வேறுபாடு மென்பொருளைச் சோதிப்பவருக்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. ஒரு சோதனை தோற்றால், அது தன் நிரலில் உள்ள வழுவா, தளத்தின் நிரலகத்தில் உள்ள வழுவா, அல்லது தோராயக் கணக்கில் வழக்கமாக எழும் சிறு வேறுபாடா என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். 1960களில் தொடங்கி இன்றுவரை இக்கேள்விக்குப் பல விடைகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன.

சீர்தரத்துக்கு முந்தைய காலம்

கணினி பின்ன எண்களை மிதவைப் புள்ளி எண்களாகச் சேமிக்கிறது. எண்ணின் முதன்மை இலக்கங்கள் ஒரு பகுதியிலும், புள்ளி இருக்கும் இடத்தைக் காட்டும் அடுக்கு மற்றொரு பகுதியிலும் வைக்கப்படுகின்றன. இலக்கங்களுக்கான இடம் அளவானது என்பதால் மிஞ்சுபவை வெட்டப்படும் அல்லது முழுமைப்படுத்தப்படும். எதை வெட்டுவது, எப்படி முழுமைப்படுத்துவது என்பதில் 1960களிலும் 1970களிலும் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தன் வழியே சென்றது.

1964 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 கணினி பதினாறை அடிமானமாகக் கொண்ட மிதவை எண்களைப் பயன்படுத்தியது. அதன் இரட்டைத் துல்லியக் கணக்கில் தொடக்கத்தில் காப்பு இலக்கம் இல்லை. காப்பு இலக்கம் என்பது கழித்தலின்போது தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் கூடுதல் இலக்கம். அதன் பயனை ஓர் எளிய கணக்கில் காணலாம். மூன்று இலக்கங்கள் மட்டுமே வைக்கக்கூடிய கணினியில் 1.00 இலிருந்து 0.999 ஐக் கழிக்க வேண்டும் எனக் கொள்வோம். புள்ளிகளை நேராக்க 0.999 வலப்பக்கம் நகர்த்தப்படும். கடைசி 9 விழுந்து 0.99 ஆகிவிடும். விடை 0.01 என வரும். உண்மையான விடை 0.001. ஒரே ஓர் இலக்கம் இல்லாததால் விடை பத்து மடங்காகிவிடுகிறது. ஐ.பி.எம். கணினிப் பயனர்களின் அமைப்பான ஷேர் இதை எதிர்த்துக் குரல் எழுப்பியது. ஐ.பி.எம். நிறுவனம் ஏற்கெனவே விற்ற கணினிகளிலும் காப்பு இலக்கத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

அக்காலத்தில் நிரலாளர்கள் தளங்களின் குறைகளை மனத்தில் வைத்தே எழுதினர். காப்பு இலக்கம் இல்லாத கணினிகளுக்காக 1 − x என்பதை (0.5 − x) + 0.5 என எழுதும் வழக்கம் இருந்தது. வேறு சில கணினிகளில், ஒப்பிடும்போது சுழி அல்ல எனத் தெரியும் ஓர் எண், பெருக்கும்போதும் வகுக்கும்போதும் சுழியாக நடத்தப்பட்டது. அதனால் வகுப்பதற்கு முன் 1.0 ஆல் பெருக்கிப் பார்ப்பது ஒரு பாதுகாப்பு முறையாயிற்று. காரணம் எழுதப்படாத இத்தகைய வரிகள், பின்னால் வந்தவர்களுக்குப் பொருளற்றவையாகத் தோன்றின.

சோதனை நிரல்களின் தோற்றம்

கணித நிரலகத்தை முறையாகச் சோதிக்கும் முயற்சிகளில் முன்னோடியானது அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கோடியும், வில்லியம் வெயிட்டும் 1980 இல் வெளியிட்ட கையேடு. அடிப்படைச் சார்புகளை எவ்வாறு நிரலாக்குவது என்பதுடன், அவற்றை எவ்வாறு சோதிப்பது என்பதையும் அது விளக்கியது. அதன் சோதனை நிரல்கள் எலிஃபண்ட் என்ற பெயரில் பரவின.

சரியான விடை கையில் இல்லாதபோது ஒரு சார்பை எப்படிச் சோதிப்பது என்பதே அவர்கள் எதிர்கொண்ட கேள்வி. இதற்குக் கணித முற்றொருமைகள் உதவின. எடுத்துக்காட்டாக, x இன் சைன் மதிப்பு, x/3 இன் சைன் மதிப்பை மும்மடங்காக்கி, அதன் கனத்தின் நான்கு மடங்கைக் கழித்தால் கிடைக்கும் மதிப்புக்குச் சமம். இரண்டு பக்கங்களையும் தனித்தனியே கணித்து ஒப்பிட்டால், நிரலகம் எவ்வளவு விலகுகிறது என்பது தெரிந்துவிடும். வெளியிலிருந்து விடை எதுவும் தேவையில்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய வில்லியம் ககான், பாரனாய்யா என்ற சோதனை நிரலை பேசிக் மொழியில் எழுதினார். 1985 பிப்ரவரி மாத பைட் இதழில் வந்த கட்டுரை அதைப் பரவலாக அறியச் செய்தது. அந்நிரல் கணினியிடம் அதன் விவரக்குறிப்பைக் கேட்பதில்லை. கூட்டியும் கழித்தும் பார்த்து, அடிமானம் எது, எத்தனை இலக்கங்கள், காப்பு இலக்கம் உண்டா என்பவற்றைத் தானே கண்டுபிடிக்கும். கண்ட குறைகளைத் தோல்வி, கடுங்குறை, குறை, சிறு பழுது என நான்கு படிகளாகத் தரம் பிரிக்கும். எல்லா வேறுபாடும் ஒரே எடை கொண்டதன்று என்ற கருத்து இந்தத் தரப்பிரிப்பில் தெளிவாகத் தெரிகிறது.

ஐ.இ.இ.இ. 754: தீர்த்ததும் விட்டதும்

மிதவை எண்களுக்குப் பொதுவான சீர்தரம் ஒன்றை உருவாக்கும் பணி 1977 இல் தொடங்கியது. ககான் இதில் முதன்மைப் பங்காற்றினார். சீர்தரம் முடிவாகும் முன்பே, அதன் வரைவைத் தழுவிய இன்டெல் 8087 துணைச்செயலி 1980 இல் வெளிவந்தது. 1985 இல் ஐ.இ.இ.இ. 754 சீர்தரம் ஏற்கப்பட்டது. 1989 இல் ககானுக்கு டூரிங் விருது வழங்கப்பட்டது.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்தும் சரியாக முழுமைப்படுத்தப்பட வேண்டும் என்பது இச்சீர்தரத்தின் முக்கிய விதி. அதாவது, விடையை முதலில் முடிவில்லாத துல்லியத்தில் கணித்து, பிறகு ஒரே ஒருமுறை முழுமைப்படுத்தினால் என்ன கிடைக்குமோ அதுவே கிடைக்க வேண்டும். இவ்விதி வந்தபின், இந்த ஐந்து செயல்களில் ஒரு துல்லியத்தில் ஒரு விடை மட்டுமே சரி. சோதனையில் சமமா என்று நேரடியாகக் கேட்க முடிந்தது.

ஆனால் சைன், மடக்கை, அடுக்கு போன்ற சார்புகளுக்கு இவ்விதி விரிவாக்கப்படவில்லை. காரணம், ககான் அட்டவணை தயாரிப்பவரின் இக்கட்டு எனப் பெயரிட்ட சிக்கல். ஒரு சார்பின் மதிப்பை மூன்று தசம இடங்களுக்கு முழுமைப்படுத்த வேண்டும் எனக் கொள்வோம். கணித்துப் பார்த்தால் 4.6235000 என வருகிறது. உண்மை மதிப்பு இதைவிட மயிரிழை குறைவா, கூடவா என்பதைப் பொறுத்து விடை 4.623 அல்லது 4.624 ஆகும். இன்னும் பத்து இலக்கங்கள் கணித்தாலும் எல்லாம் சுழியாகவே வரலாம். எத்தனை இலக்கங்கள் கணித்தால் போதும் என்பதை முன்கூட்டியே சொல்வது கடினம். 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இச்சார்புகளுக்குச் சரியான முழுமைப்படுத்தல் பரிந்துரையாகவே சேர்க்கப்பட்டது, கட்டாயமாக்கப்படவில்லை. தளங்களுக்கிடையிலான வேறுபாடு நீடிப்பதற்கு இந்த இடைவெளியே முதற்காரணம்.

வன்பொருளில் இருந்த வழு: பென்டியம், 1994

சீர்தரம் விடையை வரையறுத்துவிட்டாலும் செயலி அதைத் தர வேண்டும். அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ் மதிப்புகளைக் கூட்டும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். 1994 இல் அவருடைய விடைகள் ஒத்துப்போகவில்லை. தன் நிரல், கம்பைலர், கணினியின் பிற பகுதிகள் என ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு, பென்டியம் செயலியின் வகுத்தல் அலகே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். அக்டோபர் மாத இறுதியில் அதைப் பிறருக்குத் தெரிவித்தார்.

வகுத்தலுக்காகச் செயலிக்குள் வைக்கப்பட்ட அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தன. பொறியாளர் டிம் கோ கண்டறிந்த ஓர் எடுத்துக்காட்டு பெரும்புகழ் பெற்றது. 4195835 ஐ 3145727 ஆல் வகுத்தால் 1.333820449 என வர வேண்டும். பழுதுள்ள பென்டியம் 1.333739068 என்றது. ஈவை மீண்டும் வகுத்தியால் பெருக்கி 4195835 இலிருந்து கழித்தால் சுழி வர வேண்டிய இடத்தில் 256 வந்தது. சாதாரணப் பயனர் இப்பிழையை 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே சந்திப்பார் என்றது இன்டெல். 24 நாள்களுக்கு ஒருமுறை சந்திக்கக்கூடும் என்றது ஐ.பி.எம். இறுதியில் கேட்டவர்களுக்கெல்லாம் செயலியை மாற்றித் தர இன்டெல் இசைந்தது. இதற்காக அந்நிறுவனம் 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது.

மென்பொருள் சோதனையின் வரலாற்றில், இவ்வழுவைச் சுற்றிச்செல்லக் கண்டுபிடித்த வழியும் முக்கியமானது. மேட்லேப் மென்பொருளை உருவாக்கிய கிளீவ் மோலர், டிம் கோ உள்ளிட்ட சிலர் சேர்ந்து ஒரு தீர்வை வகுத்தனர். வகுத்தியின் முன்னிலைப் பிட்டுகள் ஆபத்தான வரம்புக்குள் இருக்கிறதா என நிரல் முதலில் பார்க்கும். இருந்தால், வகுபடும் எண்ணையும் வகுத்தியையும் 15/16 ஆல் பெருக்கிவிட்டுப் பிறகு வகுக்கும். ஈவு மாறாது, வகுத்தி மட்டும் ஆபத்தான வரம்பைவிட்டு நகர்ந்துவிடும். வழு எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்ததால், மற்ற வகுத்தல்கள் எதையும் தொடாமல் அதை மட்டும் தவிர்க்க முடிந்தது.

எண்பது பிட்டுகளும் சைன் கட்டளையும்

8087 வழிவந்த மிதவை அலகுகள் உள்ளுக்குள் 80 பிட்டு எண்களில் கணக்கிட்டன. விடையை நினைவகத்தில் எழுதும்போது அது 64 பிட்டாகச் சுருங்கும். ஆகவே ஒரே கோவையை இருமுறை கணித்து, ஒன்றைச் செயலிக்குள்ளும் மற்றொன்றை நினைவகத்திலும் வைத்து ஒப்பிட்டால், சமமில்லை என்ற விடை வரலாம். ஜிசிசி கம்பைலரில் 2000 ஆம் ஆண்டு பதிவான 323 ஆம் எண் வழு அறிக்கை இதைப் பற்றியதே. அதே சிக்கலை ஏராளமானோர் மீண்டும் மீண்டும் புதிய வழுவாக அறிவித்தனர். ஆராய்வதற்காக மதிப்பை அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்தால், மதிப்பு நினைவகத்துக்குச் சென்று சிக்கலே மறைந்துவிடுவதும் உண்டு. 64 பிட்டு கணினிகள் எஸ்எஸ்இ2 கட்டளைகளுக்கு மாறிய பிறகே இது பெருமளவு ஓய்ந்தது.

அதே அலகில் இருந்த சைன் கட்டளை வேறொரு சிக்கலைக் கொண்டிருந்தது. பெரிய கோணத்தைச் சிறிய கோணமாகக் குறைக்க அது பை மதிப்பை 66 பிட்டுகளுக்கு மட்டுமே வைத்திருந்தது. பை எண்ணுக்கு மிக நெருங்கிய 64 பிட்டு மிதவை எண்ணின் சைன் மதிப்பு 1.2246467991473532 × 10⁻¹⁶. அக்கட்டளை தந்த விடை 1.2246063538223773 × 10⁻¹⁶. முதல் ஐந்து இலக்கங்களே ஒத்துப்போகின்றன. இன்டெல் கையேடு நீண்ட காலம் இதைவிட மிக உயர்ந்த துல்லியத்தைக் குறிப்பிட்டு வந்தது. 2014 இல் இது வெளிப்படையாகச் சுட்டப்பட்ட பின்னர் திருத்தப்பட்டது. ஜாவா மொழியின் வரையறை, சைன் மதிப்பு கடைசி இலக்கத்தில் ஓர் அலகுக்கு மேல் விலகக்கூடாது என்கிறது. எனவே ஜாவா இயக்கி இக்கட்டளையைச் சிறிய கோணங்களுக்கு மட்டும் பயன்படுத்தி, மற்றவற்றுக்குக் கோணக் குறைப்பைத் தானே செய்துகொண்டது.

சோதனைகளில் கையாளும் முறைகள்

இத்தகைய அனுபவங்களின் வழியே சில முறைகள் நிலைபெற்றன. முதலாவது, தளத்தின் நிரலகத்தை நம்பாமல் எல்லாத் தளங்களுக்கும் ஒரே நிரலைக் கொண்டுசெல்வது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1993 இல் வெளியிட்ட எஃப்டிலிப்எம் என்ற கட்டற்ற கணித நிரலகம் இதற்கு வழிவகுத்தது. ஜாவாவின் கண்டிப்பான கணிதத் தொகுதி அதை அடிப்படையாகக் கொண்டது. பைத்தான் மொழியும் காமா சார்பைத் தானே கணிக்கிறது. விண்டோஸ், மேக் உள்ளிட்ட தளங்களின் நிரலகங்களில் அச்சார்பின் தரம் சீராக இல்லாததே காரணம் என அதன் மூலநிரலில் குறிப்பு உள்ளது.

இரண்டாவது, மென்பொருளைக் கட்டமைக்கும்போதே தளத்தின் வழுவைக் கண்டறிந்து விலக்குவது. நம்பை தொகுதி, எந்தத் தளத்தில் எந்தச் சார்பு பழுதானது என்ற பட்டியலைத் தன் மூலநிரலில் வைத்திருக்கிறது. சன் கம்பைலருடன் வந்த ஒரு சார்பும், மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் 32 பிட்டு வடிவில் வந்த கர்ணச் சார்பும் அதில் இடம்பெற்றன. அத்தளங்களில் நம்பை தன் சொந்த நிரலைப் பயன்படுத்தும்.

மூன்றாவது, அறியப்பட்ட வழுவுக்கு உரிய சோதனையை மட்டும் குறிப்பிட்ட தளத்தில் விட்டுவிடுவது. 2016 இல் மேக் ஓஎஸ் 10.4 தளத்தில் பைத்தானின் டேன்ஜெண்ட் சோதனை ஒன்று தோற்றது. உள்ளீடு 1.5707963267948961, அதாவது 90 பாகைக்கு மிக அருகில் உள்ள கோணம். அங்கே டேன்ஜெண்ட் மதிப்பு ஏறத்தாழ 1,979 லட்சம் கோடி. கோணக் குறைப்பில் நேரும் மிகச் சிறு பிழையும் விடையில் பெரிதாகத் தெரியும். பிழை பைத்தானில் இல்லை, 2005 இல் வந்த அந்த இயங்குதளத்தின் நிரலகத்தில் இருந்தது. எல்லாத் தளங்களிலும் அனுமதிக்கும் பிழை வரம்பைக் கூட்டியிருந்தால் சோதனை வென்றிருக்கும். அப்படிச் செய்திருந்தால், வேறு தளத்தில் உண்மையான வழு தோன்றும்போது அதுவும் கண்ணில் படாமல் போயிருக்கும். ஆகவே அந்த ஓர் உள்ளீடு மட்டும், 10.5 க்கு முந்தைய மேக் தளங்களில் மட்டும் தவிர்க்கப்பட்டது. அதற்கான வழு அறிக்கையின் எண்ணும் அருகிலேயே குறிக்கப்பட்டது.

நான்காவது, தளவாரியாகப் பிழை அளவைப் பதிவு செய்வது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஜிலிப்சி நிரலகம், ஒவ்வொரு செயலி வகைக்கும் ஒவ்வொரு சார்பும் கடைசி இலக்கத்தில் எத்தனை அலகுகள் விலகலாம் என்பதைத் தனிக் கோப்பில் எழுதி வைக்கிறது. ஒப்பிடுவதற்கான சரியான விடைகள் எம்பிஎஃப்ஆர் என்ற உயர்துல்லிய நிரலகத்தின் துணையால் பெறப்படுகின்றன. இந்தக் கோப்பைத் தானியங்கியாகப் புதுப்பிக்கும் வசதியும் உண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது: பெரிய வழு ஒன்று நுழைந்தாலும், புதுப்பித்தவுடன் அதுவே அனுமதிக்கப்பட்ட அளவாகிவிடும். இதைத் தடுக்க, கோப்பில் என்ன எழுதியிருந்தாலும் தாண்டக்கூடாத உச்ச வரம்பு ஒன்று சோதனை நிரலிலேயே வைக்கப்பட்டுள்ளது.

இவற்றில் கடைசி இரண்டு முறைகளும் ஒரு பாடத்தைத் தருகின்றன. தளத்தின் வழுவுக்காகச் சோதனையைத் தளர்த்தும்போது, அத்தளர்வு எந்தத் தளத்துக்கு, எந்த உள்ளீட்டுக்கு, எவ்வளவு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத தளர்வு வழுவை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

கடைசி இலக்கத்தின் விளைவுகள்

கடைசி இலக்க வேறுபாடு எப்போதும் பொருட்படுத்தத் தகாததன்று. ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையமான செர்ன் 2004 இல் எல்எச்சி அட் ஹோம் திட்டத்தைத் தொடங்கியது. மோதுவிப்பான் வளையத்தில் துகள்கள் பல லட்சம் சுற்றுகள் ஓடும் பாதையைத் தன்னார்வலர்களின் கணினிகள் கணித்தன. விடையைச் சரிபார்க்க ஒரே பணி ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் அடுக்கு, மடக்கை போன்ற சார்புகளில் எழுந்த கடைசி இலக்க வேறுபாடு சுற்றுக்குச் சுற்று பெருகி, வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு பாதைகளைக் காட்டியது. தவறான கணினியையும் வேறு நிரலகம் கொண்ட கணினியையும் பிரித்தறிய முடியவில்லை. பிரான்சின் லியோன் நகரில் உருவான சிஆர்லிப்எம் என்ற, சரியாக முழுமைப்படுத்தும் நிரலகத்தைப் பயன்படுத்திய பிறகு எல்லாக் கணினிகளும் ஒரே விடையைத் தந்தன.

மருத்துவ ஆய்விலும் இச்சிக்கல் எழுந்தது. மூளைப் படங்களிலிருந்து புறணியின் தடிப்பை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருள், கணினி வகைக்கும் மேக் இயங்குதளப் பதிப்புக்கும் ஏற்ப மாறுபட்ட அளவுகளைத் தருவதாக 2012 இல் ஓர் ஆய்வு காட்டியது. மூளைப் பட ஆய்வு மென்பொருள்களை வெவ்வேறு லினக்ஸ் தளங்களில் ஒப்பிட்ட 2015 ஆம் ஆண்டு ஆய்வு, கணித நிரலகங்களின் வேறுபாட்டை ஒரு காரணமாகக் கண்டது. ஆய்வின் நடுவே கணினியை மேம்படுத்தினால், நோயாளியின் மாற்றம் எது, நிரலகத்தின் மாற்றம் எது என்பது குழம்பிவிடும்.

சரியான முழுமைப்படுத்தலை நோக்கி

அட்டவணை தயாரிப்பவரின் இக்கட்டுக்கு இன்று ஓரளவு விடை கிடைத்துள்ளது. 32 பிட்டு எண்களில் ஒரு மாறி கொண்ட சார்புக்கு மொத்தம் 4,294,967,296 உள்ளீடுகளே உண்டு. இன்றைய கணினியில் அத்தனையையும் சோதித்துவிடலாம். 64 பிட்டு எண்களில் இது இயலாது. வினாடிக்கு நூறு கோடி உள்ளீடுகளைச் சோதித்தாலும் ஏறத்தாழ 585 ஆண்டுகள் ஆகும். அங்கே மிகக் கடினமான உள்ளீடுகளைக் கணித வழியில் தேடிக் கண்டுபிடிக்கும் முறைகளைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தனர். பால் சிம்மர்மனும் உடனாய்வாளர்களும் 2022 இல் அறிமுகப்படுத்திய கோர்-மேத் திட்டம், சரியான முழுமைப்படுத்தலை வேகம் குறையாமல் தர முயல்கிறது. 2025 இல் வெளிவந்த ஜிலிப்சி 2.41 பதிப்பில் அத்திட்டத்தின் 32 பிட்டு சார்புகள் பல சேர்க்கப்பட்டன.

சரியாக முழுமைப்படுத்தப்பட்ட சார்புக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க முடியும். அத்தகைய சார்புகள் பரவும் அளவுக்கு, சோதனை எழுதுபவர் பிழை வரம்பைத் தேடாமல் சமமா என்று நேரடியாகக் கேட்கலாம். கூட்டலுக்கும் வகுத்தலுக்கும் 1985 இல் கிடைத்த அந்த உரிமை, சைனுக்கும் மடக்கைக்கும் நாற்பது ஆண்டுகள் கழித்துப் பகுதி பகுதியாகக் கிடைத்துவருகிறது. அது முழுமையாகும்வரை, தளங்களின் பெயர்களும் வழு எண்களும் கொண்ட விலக்குப் பட்டியல்கள் சோதனைக் கோப்புகளில் தொடர்ந்து இடம்பெறும்.